உங்களுக்குத் தெரியுமா? சொந்த சர்வர் நிரம்பினால்...

அன்றாட வேலைக்குச் சொந்த சர்வர். நெருக்கடி வந்தால் மட்டும் கிளவுடில் வாடகை சர்வர். இதற்குப் பெயர் ‘கிளவுட் பர்ஸ்டிங்’. கல்யாணத்துக்கு மட்டும் அண்டாவை வாடகைக்கு எடுக்கிற அதே கணக்குதான். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், பல கிளவுடுகளை இணைக்கும் ‘ஹைபிரிட் கிளவுடு’க்கு 2011 செப்டம்பரில் தந்த வரையறையிலேயே இதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறது. வெளியே போவது எளிது. எதை அனுப்புவது, எப்போது திரும்புவது என்பதில்தான் திறமை இருக்கிறது.

● 2007-இல் நியூயார்க் டைம்ஸ் தன் பழைய இதழ்களின் 1 கோடியே 10 லட்சம் கட்டுரைகளைப் பிடிஎஃப் ஆக்கியது. 4 டெராபைட் ஸ்கேன் படங்கள், அமேசானில் 100 வாடகை சர்வர்கள். வேலை 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அன்றைய வாடகை சர்வருக்கு மணிக்கு 10 சென்ட்.

● தென் துருவப் பனிக்குள் புதைந்திருக்கும் ஐஸ்கியூப் நியூட்ரினோ ஆய்வகத்துக்காக, 2019 நவம்பரில் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றிலும் ஜிபியுக்களை வாடகைக்கு எடுத்தது. உச்சத்தில் ஒரே நேரத்தில் சுமார் 51,500 ஜிபியு! எல்லாம் இரண்டு மணி நேர விவகாரம். இது சாத்தியமானதற்குக் காரணம், பனியில் ஒளி பரவுவதைக் கணக்கிடும் அந்த வேலையின் இயல்பு. ஒவ்வொரு துண்டும் தனித்தனி. ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே போகும் டேட்டா கொஞ்சம், கணக்குதான் மலையளவு. வெளியே அனுப்ப இதைவிடத் தோதான வேலை கிடையாது.

● டேட்டா கனமாக இருந்தால் கதையே வேறு. 10 டெராபைட்டை நொடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பில் அனுப்ப, முழு வேகத்தில் ஓடினாலும் 22 மணி நேரம் ஆகும். கிளவுடுக்குள் அனுப்புவது பெரும்பாலும் இலவசம். அங்கிருந்து வெளியே எடுக்கத்தான் காசு. அமேசானின் வழக்கமான விலைப்பட்டியலில் அது ஜிபிக்குச் சுமார் 9 சென்ட்.

● சூப்பர் கம்ப்யூட்டர்களில் வேலைகளை வரிசைப்படுத்தும் ‘ஸ்லர்ம்’ மென்பொருள், கிளவுட் சர்வரைத் தேவைப்படும்போது எழுப்பும். நிலைப்பட்டியலில் சர்வரின் நிலைக்குப் பக்கத்தில் ~ இருந்தால் அது தூங்குகிறது. # இருந்தால் எழுந்துகொண்டிருக்கிறது. எழுந்து வர ஸ்லர்ம் இயல்பாகத் தரும் அவகாசம் 60 விநாடிதான். கிளவுட் சர்வர் தயாராக அதைவிட நேரமாவது சகஜம். அவகாசத்தைக் கூட்டி வைக்காவிட்டால், பாதி வழியில் இருக்கும் சர்வரை ‘டவுன்’ என்று குறித்துவிடும்.

● செயலிகளைப் பல சர்வர்களில் இயக்கி நிர்வகிக்கும் ‘குபர்நெட்டீஸ்’ மென்பொருள், சுமையை 15 விநாடிக்கு ஒருமுறை பார்த்து, தேவையென்றால் உடனே ஆள் கூட்டும். குறைப்பதற்கு மட்டும் 5 நிமிடம் பொறுக்கும். சுமை ஏறி இறங்கும்போதெல்லாம் தானும் சேர்ந்து ஆடாமலிருக்க இந்த நிதானம்.

● மலிவு விலை ‘ஸ்பாட்’ சர்வரை அமேசான் 2 நிமிட அறிவிப்போடு திரும்ப வாங்கிக்கொள்ளும். கூகுளில் 30 விநாடிதான். செய்த வேலையை அவ்வப்போது சேமித்து வைக்காதவர்கள் இந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

● பட்ஜெட் வரம்பு வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வரம்பு தாண்டினால் வழக்கமாக எச்சரிக்கை மடல் வரும், அவ்வளவுதான். சர்வர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் சர்வரை எழுப்புவதற்கு முன்பே, கடைசி சர்வரை அணைக்கும் கட்டளையையும் எழுதி வைத்துவிடுங்கள்.