குப்பை மண்ணு ஃப்ரீயா கிடைச்சா...?

சீசன் டைம்ல குற்றாலம் போயிருப்பீங்க. மெயினருவியில தலையைக் கொடுத்துட்டு, ஐந்தருவியில ஒரு ஆட்டம் போட்டுட்டு, பஜார்ல சிப்ஸும் ரம்புட்டானும் வாங்கிட்டு... எல்லாம் ஓகே பாஸ். நீங்க கிழிச்சுப் போட்ட எண்ணெய் பாக்கெட், ரம்புட்டான் தோல், பிரியாணி பொட்டலம், தீர்ந்துபோன பேட்டரி எல்லாம் ஒரே மூட்டையில ஏறி எங்கே போச்சு?

தென்காசிப் பக்கம் 'வயலுக்குக் குப்பை அடிக்கிறது'ன்னா எரு போடுறதுன்னு அர்த்தம். தாத்தா காலத்துக் குப்பைக்குழியில சாணி, சாம்பல், வைக்கோல், இலைதழைதான் கிடக்கும். இன்னைக்கு ஊர்க் குப்பைக்கிடங்குல டியூப்லைட்டும் பெயின்ட் டப்பாவும் கிடக்கு. பேர் மட்டும் அதே குப்பை!

பழைய குப்பைமேட்டைத் தோண்டிச் சலிச்சா, கீழே கறுப்பா பொலபொலன்னு ஒரு மண் விழும். சென்னை பெருங்குடியில பண்ணின பயோமைனிங் வேலை இதுதான். அந்த மண்ணுல மட்கிய சத்து இருக்கு, ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், தழைச்சத்தும் உண்டு. கிடங்குல இருந்து கசியுற கறுப்புத் தண்ணியில அம்மோனியா வேற ஏகத்துக்கு இருக்கும். அதனால செடி பச்சைப் பசேல்னு வரலாம். பார்த்தவுடனே "செம உரம்டா"ன்னு தோணும்.

வில்லங்கம் அங்கேதான். குப்பை நல்லா சூடேறி மட்கினா கிருமி சாகும். காரீயமும் கேட்மியமும் மட்காது. மத்ததெல்லாம் மட்கிக் குறையக் குறைய, மிச்ச மண்ணுல அதுங்களோட அளவு கிலோவுக்கு இவ்வளவுன்னு கூடத்தான் செய்யும். கேட்மியத்தைக் கீரையும் நெல்லும் சுலபமா உறிஞ்சிக்கும். மண் அமிலமா இருந்தா இன்னும் சுலபம். செடி வாடாது, இலை கருகாது. பல வருஷம் சாப்பிட்ட மனுஷனோட கிட்னிதான் அடி வாங்கும். 'செடி நல்லா இருக்கே'ங்கிறது இதுல சாட்சியே கிடையாது.

டெல்லி, ஹைதராபாத், கடப்பா குப்பைமேட்டு மண்ணை ஐ.ஐ.டி. டெல்லி ஆட்கள் சோதிச்சப்போ உப்பும் கன உலோகமும் தேறுச்சு. தண்ணி ஊத்தினா கறுப்புச் சாறும் இறங்குச்சு. இதே மண்ணைப் பள்ளத்துல கொட்டி மூடினா அந்தச் சாறு நிலத்தடி நீருக்குப் போகும். நம்ம ஏரியாவுல சிற்றாறு பக்கம் கொட்டினா... அது போய்ச் சேர்றது தாமிரபரணியில பாஸ்!

கிடங்குக்குள்ள என்ன வந்து விழுதுன்னு யாருக்குத் தெரியும்? 2024 டிசம்பர்ல பக்கத்து நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டினாங்க. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டப்புறம்தான் லாரி வந்து திரும்ப அள்ளிட்டுப் போச்சு. ஊசியும் டியூபும் கிடந்த குப்பையைச் சலிச்சுக் கத்தரிக்காய்க்குப் போடுவீங்களா?

அதுக்காக உரமே வேணாம்னு சொல்லலை. பாவூர்சத்திரம் மார்க்கெட்ல அழுகின தக்காளி, கோஸ் இலை இருக்கு பாருங்க, அது வேற எதோடயும் கலக்காம நேரா மட்கினா ஏ ஒன் உரம். பிரிக்கிற வேலையை வீட்டுலயும் கடையிலயும் செஞ்சாகணும். கிடங்குக்குப் போனப்புறம் எந்தச் சல்லடையாலயும் முடியாது. நான் படிக்கிறது இன்ஜினீயரிங்தான், இருந்தாலும் இதைக் கேரன்ட்டியா சொல்வேன்.

யாராவது "குப்பை மண்ணு ஃப்ரீ, தோட்டத்துல இறக்கட்டுமா?"ன்னு கேட்டா, ஒரு தொட்டியில அதையும் இன்னொண்ணுல நல்ல மண்ணையும் போட்டு, பத்துப் பத்துப் பாசிப்பயறு ஊன்றிப் பாருங்க. உப்பு ஜாஸ்தின்னா முளைப்புலயே தெரிஞ்சிடும். கேட்மியம் அதுல தெரியாது, அதுக்கு லேப்தான். சாதாரண மண் பரிசோதனையில தழை, மணி, சாம்பல் சத்து மாதிரி விஷயங்களைப் பார்ப்பாங்க. கன உலோகம் வேணும்னு தனியா கேட்கணும். உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 சொல்ற நகரக் குப்பை உரத்துக்கான லிமிட், கிலோவுக்கு கேட்மியம் 5 மி.கி., காரீயம் 100 மி.கி., பாதரசம் 0.15 மி.கி. ரிப்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் லாரி ரோட்டுலயே நிக்கட்டும்.