ஏறிக்கொண்டே போகும் கணக்கு

ஐந்தும் மூன்றும் எத்தனை என்று கேட்டால், விரல் விட்டு எண்ணியாவது பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம், "முதல் நாள் இவ்வளவு, மறுநாள் அதைவிட இவ்வளவு கூடுதல், அதற்கும் மறுநாள் இன்னும் கூடுதல்; ஆக மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். பென்சிலைக் கடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளைகளைச் சொல்வானேன்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவும் மெதுவாகப் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்!

இதில் மிரளுவதற்கு ஒன்றுமில்லை. மாடிப் படி ஏறத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கும் வரும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால்தான் கால் இடறும்.

இரண்டு பத்தி போதும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு வாலிபர் வேலைக்குச் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 100 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார். அதற்குப் பிறகு மாதா மாதம், முந்தின மாதத்தைவிட 50 ரூபாய் அதிகமாகச் சேர்க்கிறார். ஒரு வருஷத்தில் அவர் கையில் எவ்வளவு இருக்கும்?

அவசரக்காரப் பையன் "650" என்பான். அது பன்னிரண்டாம் மாதம் மட்டும் போட்ட தொகை, மொத்தம் அல்ல. இன்னொருவன் கடைசி மாதத் தொகையையே 700 என்று தப்பாகப் போடுவான். மாதம் பன்னிரண்டு ஆயிற்றே, ஐம்பதும் பன்னிரண்டு தடவை ஏறியிருக்கும் என்பது அவன் எண்ணம். முதல் மாதம் ஏற்றம் ஏது? ஏறியது பதினொரு தடவைதான்.

இந்த இரண்டு தவறுக்கும் மருந்து ஒன்றுதான். காகிதத்தின் நடுவே ஒரு கோடு கிழியுங்கள். இடது பத்தியில் "இந்த மாதம்" என்றும், வலது பத்தியில் "இதுவரை" என்றும் எழுதுங்கள். இடது பக்கம் 100, 150, 200, 250 என்று இறங்கட்டும். வலது பக்கம் 100, 250, 450, 700 என்று சேர்ந்துகொண்டே வரட்டும். பன்னிரண்டாவது வரியில் இடது பக்கம் 650 நிற்கும். வலது பக்கம் 4,500 நிற்கும். அதுதான் விடை.

சரிதானா என்று பார்க்கவும் வழி உண்டு. முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் கூட்டுங்கள்: 750. இரண்டாம் மாதத்தையும் பதினோராம் மாதத்தையும் கூட்டுங்கள்: அதுவும் 750. இப்படி ஆறு ஜோடி. ஆறு தடவை 750 என்றால் 4,500. கணக்கு ஒத்துப் போயிற்று!

பழைய கணக்குத்தான்

இந்த ஜோடி சேர்க்கும் வழி மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 499-ம் ஆண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் ஆரியபடீயத்திலேயே, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி, உறுப்புகளின் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. 1150-ல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியில் தானக் கணக்கு ஒன்று வருகிறது. முதல் நாள் 4 காசு தானம். தினமும் 5 காசு கூடுதல். அரை மாதத்தில், அதாவது பதினைந்து நாளில், மொத்தம் எவ்வளவு? கடைசி நாள் தானம் 74 காசு. மொத்தம் 585 காசு. நம் வாலிபரின் சேமிப்புக் கணக்கும் அதே ஜாதிதான்.

சூளையில் ஒரு கணக்கு

சேமிப்பு ஏறினால் சந்தோஷம். கடன் ஏறினால்?

திருவள்ளூர் வட்டாரத்தில் செங்கற் சூளைகள் ஏராளம். ஊர்க்காரர்கள் அவற்றை "சேம்பர்" என்பார்கள். ஒரிசாவிலிருந்து, இன்றைய பெயரில் ஒடிசாவிலிருந்து, குடும்பம் குடும்பமாக வந்து கல் அறுக்கிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வருவதும், வாராவாரம் செலவுக்குப் பணம் வாங்குவதும், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, கடைசியில் கழித்துக்கொள்வதும் இந்தத் தொழிலில் வழக்கம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஒரு குடும்பம் முதல் வாரம் 1,000 ரூபாய் செலவுப் பணம் வாங்குகிறது. பிறகு வாரத்துக்கு வாரம் 100 ரூபாய் ஏறுகிறது. பத்து வாரத்தில் மொத்தம் 14,500 ரூபாய். ஏழாவது வாரம் "இதுவரை" பத்தியில் 9,100 என்று எழுதுவதற்குப் பதிலாக 10,100 என்று கை தவறி எழுதிவிட்டால் என்ன ஆகும்? அந்தத் தவறு அங்கேயே நிற்காது. ஒவ்வொரு வரியாக இறங்கி, கடைசியில் 15,500 ஆக வந்து நிற்கும். கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பவர்தான் "ஏழாவது வரியில் கோளாறு ஐயா" என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

ஆயிரம் ரூபாய் என்பது அந்தக் குடும்பத்துக்கு எத்தனை நாள் வேர்வை! கடனுக்காக மனிதனைக் கட்டிப்போடும் கொத்தடிமை முறையை 1976-ம் வருஷச் சட்டம் ஒழித்தது. ஆனால் சட்டம் துணைக்கு வர வேண்டுமானால், "என் கணக்கு இது" என்று சொல்ல உழைப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

அரும்பு, மொட்டு, மலர்

கொரோனாவினால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் சிறு பிள்ளைகளின் கணக்கும் எழுத்தும் பின்தங்கிப் போயின. அதை ஈடுகட்ட, "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கியது. தொடக்க விழா நடந்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கத்தில்தான். வகுப்பை மட்டும் பார்க்காமல், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பது அதன் வழி. நிற்கிற படி தெரிந்தால்தானே அடுத்த படியில் கால் வைக்கலாம்?

வீட்டில் பெற்றோரும் இதைச் செய்யலாம். விடை தப்பானால் குட்ட வேண்டாம். "எந்த வரி வரைக்கும் சரி?" என்று கேளுங்கள். சரியாக வந்த வரியிலிருந்து மறுபடி ஏறட்டும். பால்காரர் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் அந்த இரண்டு பத்தியில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

இன்று பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு கணக்கு: திருவள்ளூர் வீரராகவர் கோயில் வாசலில் ஒரு பூக்காரம்மா. அமாவாசை நெருங்க நெருங்கக் கூட்டம் கூடுகிறது. முதல் நாள் 20 முழம் விற்கிறார். தினமும் 5 முழம் கூடுதல். ஏழாம் நாள் அமாவாசை. ஏழு நாளில் மொத்தம் எத்தனை முழம்? ஜோடி சேர்த்துப் பார்க்கும்போது நடுவில் ஒரு நாள் தனியாக நிற்கும். அதை மறந்துவிடக் கூடாது!

(விடை: 245 முழம்.)