முதுமையும் பற்களும்

வயதானால் பல் விழத்தான் செய்யும் என்பது நம் சிற்றூர்களில் வேரூன்றிவிட்ட எண்ணம். மருத்துவ அறிவு இதனை ஏற்பதில்லை. பற்களை வீழ்த்துவது முதுமையன்று. கவனியாது விடப்பட்ட சொத்தையும் ஈறு நோயுமே. ஈற்றோரத்தில் படியும் கிருமிப்படலம் நாளடைவில் காரையாக இறுகுகிறது. ஈறு அழன்று, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. நீரிழிவு உடையோரிடம் இக்கேடு விரைவு பெறும். இரத்த அழுத்தத்திற்கும் மனச்சோர்விற்கும் உண்ணும் மருந்துகளுட் சில உமிழ்நீரைக் குறைப்பதால் சொத்தையும் எளிதில் தோன்றுகிறது.

பல் இழந்த முதியவர் முதலில் கடலையையும் இறைச்சியையும் கைவிடுகிறார். பின்னர்ப் பிறருடன் அமர்ந்து உண்பதையே தவிர்க்கிறார். கஞ்சியால் நேர்ந்த மெலிவை நாம் முதுமையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இதனினும் கொடியது வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. புகையிலை சேராவிடினும் பாக்கு புற்றுநோய் விளைவிப்பதே எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. கன்னத்தின் உட்புறம் தோன்றும் வெண்திட்டு தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாததால், பல் மருத்துவரை நாடி நகரத்திற்குப் பேருந்தேற எவரும் முனைவதுமில்லை.

மிஸ்வாக்கைப் பேணும் நமக்கு வாய்த்தூய்மை புதிய பாடமன்று. ஆயினும் பல்லில்லா வாய்க்கும் அது வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். ஈறுகளையும் நாவையும் ஈரத்துணியால் நாளும் துடைத்தல் வேண்டும். பொய்ப்பற்களை இரவில் கழற்றித் தூய்மை செய்து நீரில் இடுதல் வேண்டும். மாதம் ஒருமுறையேனும் பெற்றோரின் வாயை நல்ல வெளிச்சத்தில் பார்ப்போம். இரு வாரங்களில் ஆறாத புண்ணோ திட்டோ தென்பட்டால், வலி வரும்வரை காத்திராமல் அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.