கருத்தடையும் காப்பீடும்: மலைத் தோட்டங்கள் காட்டும் கணக்கு

மருத்துவக் காப்பீடு நோய்க்கும் விபத்துக்கும் உரியது என்பது பொதுவான கருத்து. கருத்தடை நோயன்று, அது தம்பதியர் தாமே விரும்பி மேற்கொள்வது. எதிர்பாராது நேரும் இழப்பையே காப்பீடு ஈடுசெய்ய வேண்டும் என்று கொண்டால் கருத்தடைக்கு அதில் இடமில்லை. ஆயினும் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 1998-ஆம் ஆண்டில், மருந்துச் செலவை ஏற்கும் காப்பீடுகள் கருத்தடைச் சாதனங்களின் செலவையும் ஏற்க வேண்டும் என்று முதன்முதலாகச் சட்டம் செய்தது. வேறு பல மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. அங்கே மாத்திரையின் விலை குடும்பத்தின் கைப்பொறுப்பாக இருந்ததே இதற்குக் காரணம்.

நம் நாட்டின் நிலை வேறு. நிரோத் 1968-இலேயே சலுகை விலையில் கடைகளுக்கு வந்துவிட்டது. மாலா-என் மாத்திரை, காப்பர்-டி, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த வாராந்திர மாத்திரையான சாயா, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி ஆகியவை அரசு நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படியானால் காப்பீட்டுக்கு இங்கு என்ன வேலை என்ற வினா எழும். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

மூணாற்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கருத்தடை அறுவையின் விலை ரூபாயில் அன்று, நாள்களில் அமைகிறது. அறுவைக்குப் பின் கூடையைச் சுமந்து சரிவில் ஏற இயலாத நாள்களுக்குக் கூலி யார் தருவது என்பதே அவளது கேள்வி. இலவசச் சிகிச்சை இதற்கு விடையாகாது. பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். லயத்தில் இதற்குப் பெயர் இல்லாவிடினும் கணக்கு பிசகுவதில்லை.

தோட்ட முதலாளிகளும் இக்கணக்கை அறிந்திருந்தனர். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவமனை, வீடு, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை அவர்களது பொறுப்பாக்கியது. எனவே ஒவ்வொரு பிறப்பும் தோட்டத்துக்கும் ஒரு செலவாயிற்று. இந்தப் பின்னணியில்தான் உபாசி எனப்படும் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் ஐக்கிய சங்கம் 1971-இல் பாலக்காட்டை அடுத்துள்ள நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெண் தொழிலாளியின் பெயரில் மாதம் 5 ரூபாய் சேமிப்பாக வைக்கப்படும். ஓய்வுபெறும் காலத்தில் அது அவளைச் சேரும். பிள்ளைகள் மிகுந்தால் குறையும். முதுமைக்குப் பிள்ளைகளே துணை என்ற எண்ணத்துக்கு மாற்றாக ஒரு முதுமைச் சேமிப்பைத் தர முயன்ற வகையில் இது நல்ல பொருளியல் சிந்தனையே. எனினும் பிள்ளை பெற்றவளின் கடைசிக்காலப் பணத்தில் கைவைப்பது எனக்கு உடன்பாடன்று.

உண்மையான காப்பீட்டு வழியை இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் காண்கிறோம். பொதுவான நோய்க்கால உதவித்தொகை ஏறக்குறைய அரைக் கூலி என்றிருந்த காலத்தில், கருத்தடை அறுவை செய்துகொண்டோருக்கு முழுக் கூலி வழங்க 1976-இல் வகை செய்யப்பட்டது. ஆணுக்கு 7 நாள்கள், பெண்ணுக்கு 14 நாள்கள். சிக்கல் நேர்ந்தால் இக்காலம் நீட்டிக்கப்படும். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் சந்தா செலுத்தும் தொழிலாளிக்கு இது உரிமை. மலைத் தோட்டங்களோ பொதுவாக இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருந்தன. அவ்விடைவெளியை நிரப்பியது மகப்பேறு நலச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டுத் திருத்தமாகும். பெண் கருத்தடை அறுவைக்கு இரண்டு வாரக் கூலியுடன் விடுப்பு அளிக்க வேண்டும் என்று அது விதித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவிலும் இவ்வுரிமை இடம்பெற்றுள்ளது.

ஆனால் இவ்வுரிமை பதிவேட்டில் பெயருள்ளவர்க்கே பயன்படும். உடும்பஞ்சோலையின் ஏலத் தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பமெட்டு வழியாக விடியற்காலையில் ஜீப்புகளில் வரும் பெண்கள் பலர் நாள்கூலிகள். 5 ஹெக்டேருக்குக் குறைந்த நிலம் சட்டத்தின் பார்வையில் தோட்டமே அன்று. காலையில் ஒரு பெரிய தோட்டத்திலும் மறுநாள் ஒரு சிறு விவசாயியிடமும் காய் எடுக்கும் பெண்ணுக்கு அந்த 14 நாள் கூலிக்குப் பொறுப்பேற்பவர் எவருமில்லை. மாநில எல்லையைக் காட்டிலும் இந்த 5 ஹெக்டேர் எல்லையே அவளுக்குப் பெரிய தடை. அரசு தரும் இழப்பீட்டுத் தொகை ஒருமுறை வருவது. அறுவைக்குப் பின் உடல்நிலை நீடித்துக் கெட்டால் அது நீள்வதில்லை.

கூலி இழப்பு ஒருபுறமிருக்க, அறுவையே தவறிவிட்டால் என்ன ஆவது? 2005 மார்ச் மாதத்தில் ரமாகாந்த் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைக்குப் பின், அவ்வாண்டு நவம்பரில் இதற்கெனத் தேசியக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று ஏற்பட்டது. மருத்துவமனையிலோ வீடு திரும்பிய ஏழு நாள்களுக்குள்ளோ இறப்பு நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய். அறுவை பயனின்றிப் போனால் 30,000 ரூபாய். 2013 ஏப்ரல் முதல் காப்பீட்டு நிறுவனத்தை விடுத்து மாநில அரசுகளே தொகையை வழங்குகின்றன. பிலாஸ்பூரில் 2014 நவம்பரில் கருத்தடை முகாமுக்குப் பின் 13 பெண்கள் இறந்ததை நாடு மறந்திருக்காது. 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கின் தீர்ப்பு முகாம் முறையை மூன்றாண்டுகளில் கைவிடப் பணித்தது. இழப்பீட்டுத் தொகைகளும் இருமடங்காயின. இத்திட்டத்துக்குச் சந்தா இல்லை, முதலாளி தேவையில்லை. உடும்பஞ்சோலையின் நாள்கூலிப் பெண்ணுக்கும் இது பொருந்தும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேற்கூறிய ஏற்பாடுகள் அனைத்தும் நிரந்தர அறுவையைச் சுற்றியே அமைந்தவை. அந்தரா ஊசிக்காக மலையிறங்கும் பெண்ணின் ஒரு நாள் கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. தனியார் காப்பீட்டைப் பொறுத்தவரை, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் வகுத்த பொது விலக்குகளின் பட்டியலில் 17-ஆம் இனமாகக் கருத்தடையும் கருத்தடை அறுவையும் இடம்பெற்றன. மேரிலாந்து கட்டாயமாக்கியதை நம் பாலிசிகள் விலக்கி வைக்கின்றன.

2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் பெண் கருத்தடை அறுவையைச் சார்ந்திருந்தனர். ஆண் அறுவையைச் சார்ந்தோர் 0.3 விழுக்காட்டினர் மட்டுமே. கேரளத்தில் எறணாகுளத்தில் 1971 ஜூலையில் ஒரே மாதத்தில் 63,418 ஆண்கள் அறுவை செய்துகொண்டனர் என்பதை இன்றைய மாணவர் நம்புவது கடினம். இம்மாற்றத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நெருக்கடிநிலைக் காலத்தின் கசப்பை எவரும் மறுக்கார். ஆனால் பெண்ணின் அறுவைக்குக் கூலியும் விடுப்பும் அளித்து, இடைக்கால முறைகளுக்கு ஒன்றும் அளிக்காத ஏற்பாடு அவளது தேர்வைச் சாய்க்காது என்றும் சொல்ல இயலாது.

களப் பணியில் உள்ள அலுவலர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இழப்பீடு கோருவதற்கு ஒப்புதல் படிவத்தின் நகலும் அறுவைச் சான்றிதழும் வேண்டும். தேனியில் அறுவை செய்துகொண்டு இடுக்கியில் பிழைக்கும் பெண்ணிடம் பல வேளைகளில் இரண்டும் இருப்பதில்லை. மருத்துவமனையை விட்டு அவள் புறப்படும் முன்பே, அவள் படிக்கும் மொழியில் விளக்கிச் சொல்லி, இவ்விரண்டையும் அவள் கையில் சேர்த்துவிடலாம்.