பத்து சென்ட் காசின் காலம்

பெருமந்தக் கால அமெரிக்காவில் கடைச் சாமான்கள் மலிவாகத்தான் இருந்தன. 1932இல் ஒரு டஜன் முட்டை 30 சென்ட். மூன்றாண்டுக்கு முன் அதுவே 53 சென்ட். ஒரு பவுண்டு வெண்ணெய், அதாவது ஏறக்குறைய 450 கிராம், 55 சென்ட்டிலிருந்து 28க்கு இறங்கியிருந்தது. ரொட்டி பவுண்டுக்கு 9 சென்ட்டிலிருந்து 7க்கு வந்துவிட்டது. இந்த விலைப்பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு அதைப் பொற்காலம்போலப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. கூலிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆலைத் தொழிலாளியின் சராசரி வாரக் கூலி 1929இல் கிட்டத்தட்ட 25 டாலர். 1932இல் 17 டாலர். அதுவும் வேலை தப்பியவருக்கு. 1933இல் நாலு பேரில் ஒருவருக்கு வேலையே இல்லை; நாடு முழுக்க ஒரு கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் சும்மா நின்றார்கள். மொத்த விலைவாசி ஏறக்குறைய கால்வாசி விழுந்தது, கூலி மூன்றில் ஒரு பங்கு விழுந்தது, பலருக்கு வருமானம் அடியோடு நின்றது. முட்டை மலிவாக இருந்தது, அதை வாங்கக் காசு இல்லை.

இதன் தொடக்கம் 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தையில் நடந்த சரிவு. செப்டம்பரில் 381ஐத் தொட்ட டௌ ஜோன்ஸ் குறியீடு 1932 ஜூலையில் 41க்கு வந்து நின்றது. பங்கு வைத்திருந்தவர்கள் மக்களில் சிறு பகுதியினர்தான். சாதாரண வீடுகளை முறித்தவை வங்கிகள். 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. அன்று வைப்புத் தொகைக்கு மத்திய அரசின் காப்பீடு கிடையாது. வங்கிக் கதவு சாத்தினால் பலருக்கு ஆயுள் சேமிப்பு போனதுதான். மிஞ்சியவர்கள் பணத்தை எடுத்து வீட்டில் பதுக்கினார்கள். காசு வெளியே வராததால் கடைக்காரர் விலையைக் குறைத்தார். சரக்கு தேங்கியதால் ஆலைக்காரர் ஆளைக் குறைத்தார். வேலை போனவர் கடைக்கு வருவதை நிறுத்தினார். இந்தச் சுழலில் இறங்காத ஒன்றே ஒன்று கடன். விலை எவ்வளவு விழுந்தாலும் அடமானப் பத்திரத்தில் எழுதிய தொகை அப்படியே நின்றது.

அதன் முழு அடியையும் வாங்கியவர்கள் விவசாயிகள். ஒரு டாலர் அளவில் விற்ற ஒரு புஷல் (தானிய அளவு) கோதுமை 40 சென்ட்டுக்கும் கீழே போனது. அயோவாவில் சோளத்தை விற்றுக் கரி வாங்குவதைவிடச் சோளத்தையே அடுப்பில் எரிப்பது லாபமாக இருந்தது. நகரங்களில் சூப்புக்கு வரிசை நின்றபோது, கட்டுப்படியான விலை கேட்டுப் போராடிய விவசாயிகள் நெடுஞ்சாலைகளில் பாலைக் கொட்டினார்கள். அடமானம் மூழ்கிய பண்ணை ஏலத்துக்கு வந்தால் சுற்றுவட்டாரமே திரண்டு போனது. கறவை மாட்டுக்கு ஐந்து சென்ட், ஏருக்குப் பத்து சென்ட் என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. வெளியூர் ஆள் விலையை ஏற்ற முற்பட்டால் அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நெருங்கி நிற்பார்கள். சில இடங்களில் களஞ்சியத்தின் முகப்பில் சுருக்குக் கயிறு தொங்கியது. சில டாலரில் எல்லாவற்றையும் எடுத்து, உரியவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். சில்லறைக் காசு ஏலம் என்று பெயர் பெற்ற இந்த எதிர்ப்பு வீண்போகவில்லை. 1933இல் அயோவா, மின்னசோட்டா போன்ற மாநிலங்கள் அடமான ஏலங்களை நிறுத்திவைக்கச் சட்டம் செய்தன.

இந்தச் சரிவு தமிழர் வீடுகளையும் தொட்டது. 1929இல் 50 லட்சத்துக்கு மேல் வாகனங்கள் செய்த அமெரிக்கா 1932இல் 14 லட்சத்தைக்கூட எட்டவில்லை. டயருக்கான தேவை சரிய, ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போனது. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் சில ஆண்டுகளுக்குள் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அமெரிக்க நகரத் தெருக்களில் வறுமை பட்டப்பகலில் தெரிந்தது. 1930 இலையுதிர் காலத்தில் ஆப்பிள் வணிகர் சங்கம் வேலையிழந்தவர்களுக்குப் பெட்டிப் பெட்டியாகப் பழத்தைக் கடனுக்குக் கொடுத்தது. நியூயார்க்கில் மட்டும் ஆயிரக்கணக்கானோர், நேற்றுவரை அலுவலகம் போன அதே கோட்டும் தொப்பியுமாக, மூலைக்கு மூலை நின்று பழம் ஐந்து சென்ட் என்று விற்றார்கள். தகரத்தையும் அட்டையையும் கொண்டு கட்டிய குடிசைப் பகுதிகளுக்கு ஜனாதிபதி ஹூவரின் பெயரைச் சூட்டி ஹூவர்வில் என்றார்கள். போர்த்திக்கொண்ட செய்தித்தாள் ஹூவர் போர்வை ஆனது. கறுப்பின மக்களுக்கு இந்த அடி இரட்டிப்பாக விழுந்தது. வேலைக்குக் கடைசியாகச் சேர்க்கப்பட்டு முதலில் நீக்கப்பட்டவர்கள் அவர்கள்தான்; சில நகரங்களில் அவர்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. இந்தக் காலத்தை நினைவுகூரும் கதைகள் பலவற்றில் அவர்கள் தலை காட்டுவதே இல்லை என்பது பெரிய குறை.

வீட்டுக்குள் செலவைத் தாக்குப்பிடித்தவர்கள் பெண்கள். நடுவில் நைந்த படுக்கை விரிப்பை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, தேயாத ஓரங்கள் நடுவில் வரும்படி மாற்றித் தைத்தார்கள். சட்டைக் காலரைப் பிரித்துத் திருப்பிப் போட்டார்கள். ஓட்டை விழுந்த காலணிக்குள் அட்டை வெட்டி வைத்தார்கள். மாவும் கோழித் தீவனமும் வந்த பருத்திப் பைகள் குழந்தைகளின் கவுன்களாகவும் உள்ளாடைகளாகவும் மாறின. இதைக் கவனித்த மாவு ஆலைகள் பூப்போட்ட துணியில் பை தைத்து, கம்பெனிப் பெயரைத் துவைத்தால் போகிற மையில் அச்சடிக்கத் தொடங்கின. பெரியவர் ஒருவருக்கு ஆடை தைக்க ஒரே அச்சில் மூன்று பை தேவைப்படும். அதனால் தீவனம் வாங்கப் போகும் கணவனிடம் துணித் துண்டைக் கொடுத்து, இதே பூ இருக்கிற மூட்டையாகப் பார்த்து எடுத்து வரச் சொல்லி அனுப்புவது கிராமப்புற வழக்கமாகவே ஆனது.

சமையலிலும் இதே கணக்குத்தான். பீன்ஸ், உருளைக்கிழங்கு, மக்ரோனி மூன்றும் வாரத்தை ஓட்டின. புல்வெளியில் தானாக முளைக்கும் டான்டலையன் கீரையைப் பறித்து வேகவைத்தார்கள். 1933 மார்ச்சில், ஹூவருக்குப் பின் பதவியேற்ற ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் வெள்ளை மாளிகையிலேயே ஆளுக்கு ஏழரை சென்ட்டில் மதிய உணவு பரிமாறச் செய்தார். தக்காளிச் சாற்றில் முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, உலர்ந்த பிளம் பழப் புட்டிங். கார்னெல் பல்கலைக்கழக மனையியல் துறையினர் குறைந்த செலவில் சத்து கிடைக்க வகுத்த பட்டியல் அது. 1937இல் கிராஃப்ட் நிறுவனம் மக்ரோனியையும் பாலாடைக்கட்டித் தூளையும் ஒரே பெட்டியில் போட்டு, நாலு பேர் சாப்பிட 19 சென்ட் என்று விற்றது. அந்தப் பெட்டி இன்றும் அமெரிக்கக் கடைகளில் இருக்கிறது.

இவ்வளவு நெருக்கடியிலும் மக்கள் பொழுதுபோக்கை விடவில்லை. அந்தப் பத்தாண்டின் வெகுஜனக் கலாசாரத்தில் பெரும்பகுதி ஐந்து சென்ட், பத்து சென்ட் காசுகளைக் கணக்கில் வைத்தே உருவானது. பெரிய சிகரெட் கம்பெனிகள் 1931இல் விலையை ஏற்றியபோது பாக்கெட் பத்து சென்ட் சிகரெட்டுகள் சந்தையில் கணிசமான பங்கைப் பிடித்து, அவற்றை விலை குறைக்க வைத்தன. போட்டியாளரின் பாட்டிலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பானத்தை அதே ஐந்து சென்ட்டுக்குத் தந்துதான் திவாலிலிருந்து மீண்டது பெப்சி.

திரையரங்குகள் இந்தக் கணக்கை நன்றாகவே படித்துக்கொண்டன. மந்தத்தின் முதல் ஆண்டுகளில் கூட்டம் குறைந்து பல அரங்குகள் மூடின. எஞ்சியவை கட்டணத்தைக் குறைத்தன. சராசரி டிக்கெட் 25 சென்ட்டுக்குள், சிறுவர்களுக்குப் பல இடங்களில் பத்து சென்ட். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டினார்கள். அதுவரை வாசலோடு நிறுத்தி வைத்திருந்த சோளப்பொரிக்காரரை உள்ளே விட்டார்கள். ஐந்து சென்ட் பொட்டலம் பல அரங்குகளை நஷ்டத்திலிருந்து மீட்டது. கூட்டம் குறைந்த வார நாள்களில் டிக்கெட்டோடு ஒரு பீங்கான் பாத்திரம் இலவசம். இந்த வாரம் கோப்பை, அடுத்த வாரம் அதன் தட்டு, பிறகு குழம்புக் கிண்ணம். முழு செட்டும் சேர வேண்டுமானால் மாதக்கணக்கில் வாராவாரம் வர வேண்டும். இருட்டில் மடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்து நொறுங்கும் தட்டுகளின் சத்தம் படத்தின் நடுவே கேட்டுக்கொண்டே இருக்குமாம்.

திரையில் பணக்கார மாளிகைகளும் பளபளக்கும் நடனங்களும் ஓடின. 1935 முதல் 1938 வரை வசூலில் முதலிடம் ஒரு சிறுமிக்கு, ஷெர்லி டெம்பிளுக்கு. இதை வெறும் தப்பித்தல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆலை இயந்திரத்தில் மாட்டிக்கொண்ட தொழிலாளியைக் காட்டிய சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ 1936இல் இதே அரங்குகளில்தான் ஓடியது. பிச்சையாகப் பத்து சென்ட் கேட்கும் முன்னாள் சிப்பாயைப் பற்றி 1932இல் பாட்டெழுதிய யிப் ஹார்பர்க், தன் தொழில் நொடித்த பிறகே பாடலாசிரியர் ஆனவர். 1939இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்துக்காக வானவில் பாட்டை எழுதியவரும் அவரே. பசியும் கனவும் ஒரே கையிலிருந்து வந்தன.

வானொலிக்கு அந்தப் பத்து சென்ட்டும் வேண்டியதில்லை. பெட்டியை ஒருமுறை வாங்கிவிட்டால் கேட்பது இலவசம். மேசைமேல் வைக்கும் சிறிய பெட்டிகள் 20 டாலருக்கும் குறைவாகவே கிடைத்தன. 1930 மக்கள்தொகைக் கணக்கில் 40 சதவீத வீடுகளில் இருந்த வானொலி, 1940இல் 80 சதவீதத்தைத் தாண்டியது. பகல் நேரத் தொடர் நாடகங்களுக்குச் சோப்புக் கம்பெனிகள் பணம் கொடுத்ததால் அவற்றுக்குச் சோப் ஓபரா என்று பெயர் ஒட்டிக்கொண்டது. நாடே நின்று கேட்ட ‘ஆமோஸ் அண்ட் ஆண்டி’ தொடருக்காகச் சில திரையரங்குகள் படத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் அதைப் போட்டன. இரண்டு வெள்ளையர்கள் கறுப்பின மனிதர்களைக் கேலியாகக் குரல் கொடுத்து நடித்த நிகழ்ச்சி அது. அன்றே அதற்குக் கறுப்பினப் பத்திரிகையிலிருந்து கண்டனம் எழுந்தது. வானொலியின் பலம் முழுதாகத் தெரிந்தது 1933 மார்ச் 12 ஞாயிறு இரவில். அரசு உத்தரவால் தற்காலிகமாக மூடப்பட்டிருந்த வங்கிகள் எப்படித் திறக்கப்படும் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கால் மணி நேரத்துக்கும் குறைவாக எளிய பேச்சில் விளக்கினார். வங்கிகள் திறந்தபோது மக்கள் வரிசையில் நின்றார்கள். இம்முறை பணத்தைத் திரும்பப் போடுவதற்காக.

வேலையில்லாத கைகளுக்குப் பொழுது ஏராளமாக இருந்தது. மரத்தில் செய்து விலை கூடுதலாக விற்ற படப் புதிர்கள் அட்டைக்கு மாறி 25 சென்ட்டுக்கும் கீழே வந்தன. 1933 தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு கோடி வரை விற்றன. மருந்துக் கடைகளில் ஓர் இரவு வாடகைக்கும் கிடைத்தன. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட மோனோபொலி, கையில் காசில்லாத குடும்பத்தை ஒரு சாயங்காலம் தெருத் தெருவாக நிலம் வாங்க வைத்தது. அதன் மூலமான விளையாட்டுக்கு 1904லேயே காப்புரிமை பெற்றவர் லிஸி மேகி. நிலவுடைமையாளர் வாடகையால் கொழுப்பதைக் கண்டிக்கவே அவர் அதை உருவாக்கினார். விளையாட்டின் உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது 500 டாலர். 1938இல் பத்து சென்ட் காமிக்ஸ் புத்தகத்தில் சூப்பர்மேன் அறிமுகமானபோது, அவனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் முழு உரிமையை விற்றது 130 டாலருக்கு. அந்த முதல் கதைகளில் சூப்பர்மேன் எதிர்த்தது ஊழல் அரசியல்வாதியையும் தொழிலாளரின் உயிரை மதிக்காத சுரங்க முதலாளியையும். அதே 1938இல், போலியோ ஒழிப்புக்கு ஆளுக்கொரு பத்து சென்ட் காசு அனுப்பும்படி வானொலியில் கேட்டபோது, வெள்ளை மாளிகைக்கு 26 லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் கடிதங்களில் வந்து குவிந்தன.

அரசின் வேலைத்திட்டங்கள் மெல்ல மெல்லக் கையில் பணத்தைக் கொண்டு சேர்த்தன. காடு வளர்க்கப் போன இளைஞர்களுக்கு மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் நேரே பெற்றோருக்குப் போனது. 1938 சட்டம் முதன்முதலாக நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 25 சென்ட் என்று வைத்தது. பண்ணையாட்களும் வீட்டு வேலைக்காரர்களும் அதற்குள் வரவில்லை. வேலையின்மை முற்றாகத் தீர்ந்தது இரண்டாம் உலகப் போர் உற்பத்தியால்தான். 1942இல் ஆலைகளுக்கு ஆள் போதாமல் போனது, கூலி ஏறியது. ஆனால் அதே ஆண்டு போருக்காகப் புதிய கார் விற்பனை நிறுத்தப்பட்டது, சர்க்கரைக்கு ரேஷன் வந்தது.