வறண்ட நிலத்துப் புல்லில் சத்து ஏன் குறைகிறது?

மழைக்குப் பின் துளிர்க்கும் கொழுக்கட்டைப் புல்லில் இலை அதிகம், தண்டு குறைவு. ஒளிச்சேர்க்கையை நடத்தும் புரதங்கள் இலையில் நிறைந்திருப்பதால் அப்போது அதில் சத்து மிகுதி. கதிர் விட்டதும் நைட்ரஜன் விதைக்கும் வேருக்கும் நகர்கிறது. தண்டில் நாரும் செரிக்காத லிக்னினும் ஏறுகின்றன. விளைச்சல் கூடக்கூடத் தரம் இறங்குவது இதனால்தான்.

மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே நாரைச் சிதைக்கின்றன. அவை பெருகப் புரதத்திலுள்ள நைட்ரஜன் வேண்டும். தீவனத்தின் உலர் எடையில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகிறது. தின்ற புல் வயிற்றிலேயே தங்குவதால் மாடு மேற்கொண்டு தின்னாது. காடு நிறையக் காய்ந்த புல் நின்றும் கோடையில் கால்நடை மெலிவது இப்படித்தான்.

காங்கேயம் பகுதியின் கொறங்காடு இந்தக் குறையை ஈடுசெய்யும் மேய்ச்சல் முறை. முள்கிளுவை உயிர்வேலி சூழ்ந்த அந்நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லோடு நரிப்பயறு போன்ற பயறுவகைச் செடிகளும் வளர்கின்றன. அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துவதால் அவற்றில் புரதம் அதிகம். ஆழ வேரோடும் வெள்வேல மரம் நிழல் தருகிறது. அதன் காய்களை ஆடுகள் விரும்பித் தின்கின்றன.

வேலியால் பிரித்த காடுகளில் மாற்றி மாற்றி மேய்த்தால் புல் வேரில் சேமிப்பைக் கூட்டி மறுபடி தழைக்கும். கொல்லிமலையின் வாழவந்தி நாட்டுச் சரிவுப் புல்லுக்கும் கதிர் விட்டதும் சத்து குறையும் அதே விதிதான்: பூக்கும் முன் அறுத்து உலர்த்தினால் சத்து தங்கும்.