கடன் தீர்ப்பாணையும் கடனாளியின் மௌனமும்

கிராமியக் கடனைப் பற்றிப் பேசும்போது நாம் வட்டியையும் ஈட்டையும் நிலமிழப்பையுமே பெரும்பாலும் கருத்திற் கொள்கிறோம். கடனானது நீதிமன்றத் தீர்ப்பாக உருமாறும் கட்டம் போதிய கவனத்தைப் பெறுவதில்லை. எனினும், கடன் கொடுத்தவரின் கோரிக்கை அரசின் ஆணையாக மாறுவது அக்கட்டத்திலேதான். அவ்வாணை எவ்வாறு பிறக்கின்றது, எங்கே அதனை எதிர்கொள்ள இயலும் என்பனவற்றை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையாகும். கோப்பிப் பயிர்ச்செய்கை வீழ்ந்து தேயிலை பரவிய காலத்தில் ஆக்கப்பட்ட இக்கோவை பலமுறை திருத்தப்பட்டபோதும், அதன் அடிப்படை மாறவில்லை. வழக்காளியையும் எதிராளியையும் அது சம பலமுடைய இருவராகக் கருதுகின்றது. ஒருபுறம் சட்டத்தரணிகளை நிரந்தரமாக அமர்த்தியுள்ள நிறுவனமும், மறுபுறம் நாட்கூலியை இழந்து நீதிமன்றம் செல்லவேண்டிய பெண்ணும் நிற்கும்போது இச்சமத்துவம் ஏட்டளவினதாகவே அமைகின்றது.

அழைப்பாணை பெற்ற எதிராளி குறித்த தினத்திற் சமுகமளிக்காவிடின், நீதிமன்றம் வழக்காளியின் சான்றை மட்டும் ஏற்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளிக்கலாம். கடன் தொகை சரியா, செலுத்திய தவணைகள் கழிக்கப்பட்டனவா, வட்டி உடன்படிக்கைக்கு இயைந்ததா என்னும் வினாக்களை எழுப்புவதற்கு அங்கு ஒருவருமில்லை. அச்சத்தினாலோ, நாணத்தினாலோ, கடதாசியின் பொருள் விளங்காமையினாலோ வீட்டிலிருந்தவரின் மௌனம் சட்டத்தின் கண்ணில் ஏறத்தாழ ஒப்புதலாகிவிடுகின்றது.

ஆயினும் இத்தகைய தீர்ப்பு இறுதியானதன்று. தீர்ப்பாணையின் பிரதி எதிராளிக்குச் சேர்ப்பிக்கப்படல் வேண்டும். சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் அவர் வழக்காளிக்கு அறிவித்தலுடன் விண்ணப்பித்து, தாம் வராமைக்கு நியாயமான காரணம் இருந்ததென நிறுவினால், நீதிமன்றம் தீர்ப்பை நீக்கி வழக்கை மீளத் தொடர அனுமதிக்கும் என்பது கோவையின் 86ஆம் பிரிவின் சாரமாகும். நாட்கள் தீர்ப்பளித்த தினத்திலிருந்தன்றி, பிரதி கிடைத்த தினத்திலிருந்தே எண்ணப்படுகின்றன. ஆகவே, பிரதி கிடைத்த தேதியைக் குறித்துவைத்தல் சிறு காரியமாகத் தோன்றினும் வழக்கின் தலைவிதியைத் தீர்மானிக்கவல்லது.

கடன் உண்மையானதாகவும் செலுத்த இயலாததாகவும் இருப்பின் யாது செய்வது? ஈட்டுக்கடன் அல்லாத பணத் தீர்ப்பாணைகளில், தொகையைத் தவணைகளாகச் செலுத்துமாறு கட்டளையிட நீதிமன்றத்துக்கு 194ஆம் பிரிவு அதிகாரமளிக்கின்றது. நிறைவேற்றல் எழுத்தாணையுடன் பிஸ்கால் வீட்டுக்கு வரும்போதும் எல்லாப் பொருள்களையும் கைப்பற்ற முடியாது. அவசியமான உடுப்பு, படுக்கை, தொழிற்கருவிகள், கமக்காரனின் பயிர்ச்செய்கைக் கருவிகள், அவனுக்குத் தேவையான மாடுகளும் விதைதானியமும், கூலியாளின் கூலி முதலியவற்றுக்கு 218ஆம் பிரிவு விலக்களிக்கின்றது. உழைக்கும் ஆற்றலையே பறித்துவிட்டாற் கடனும் மீளாது என்னும் உண்மையைக் குடியேற்றக்காலச் சட்டமே உணர்ந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இன்னொரு விதி அதிகம் அறியப்படாதது. தீர்ப்பாணைக்குப் பின் நீதிமன்றத்துக்கு வெளியே பணம் செலுத்தப்படின், அது 349ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் அத்தாட்சிப்படுத்தப்படல் வேண்டும். அன்றேல் நீதிமன்றம் அதனைக் கணக்கிற் கொள்ளாது. வாசலுக்கு வரும் வசூலிப்பாளரிடம் கொடுத்த பணம், பற்றுச்சீட்டு இருந்தும், வழக்கேட்டிற் பதியப்படாது போகலாம். தீர்ப்பாணையோ பத்து ஆண்டுகள் வரை நிறைவேற்றத்தக்கதாக நீடிக்கின்றது.

பிற்காலச் சட்டங்கள் தராசைக் கடன் கொடுப்போர் பக்கம் மேலும் சாய்த்துள்ளன. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ், கடன் வழங்கும் நிறுவனம் ஆவணங்களையும் சத்தியக்கடதாசியையும் முன்வைத்தவுடன் நிபந்தனைத் தீர்ப்பாணையொன்றைப் பெறலாம். எதிர்வாதம் செய்வதற்கே எதிராளி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டும். அதற்குப் பணம் கட்டவோ, பிணை வைக்கவோ, விசாரிக்கத்தக்க பிரச்சினை உண்டெனக் காட்டவோ வேண்டும். பிணை வைக்க வல்லவர் கடனாளியாகி நீதிமன்றம் வரும் நிலை அரிது.

போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் பரவிய நுண்கடன், கடன்சுமையைப் பெருமளவிற் பெண்களின் தோள்களில் ஏற்றியது. 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களை நிபந்தனைகளுடன் நீக்க அரசாங்கம் முன்வந்தது. அரசியல் முடிவினால் வரும் நிவாரணம் எப்போதோ ஒருமுறை வருவது. நடவடிக்கைமுறை தரும் உரிமைகளோ எந்நாளும் உள்ளன. ஆனால் அவற்றுட் பல கேட்பவருக்கே கிடைக்கின்றன.

கேட்பதற்கு மொழியும் துணையும் வேண்டும். நீதிமன்ற மொழியை அறியாத தரப்பினர் அரசின் செலவில் மொழிபெயர்ப்பைப் பெறலாமென அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகின்றது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியோருக்குச் சட்டத்தரணியை வழங்குகின்றது. இவை கடனின் சமூக வேர்களை அகற்றமாட்டா. நிலமும் தொழிலும் நியாயமான கூலியும் இல்லாதவிடத்துக் கடன் மீண்டும் முளைக்கும். எனினும், அழைப்பாணையை ஒளித்துவைக்கும் வீட்டில், அதனை வாசித்து விளக்கும் ஒருவர் இருப்பாராயின் வழக்கின் போக்கே மாறலாம். கற்றோரும் கிராமச் சங்கங்களும் முதலில் ஏற்கவேண்டிய பணி இதுவென நாம் கருதுகிறோம்.